கொசுறாக வந்த மூன்று கிரெடிட்

கல்விக்கு விலையே கிடையாது என்று சொல்பவர்கள் சமீபத்தில் கடைப்பக்கம் போகாதவர்கள். மாதத்துக்குத் தொண்ணூற்றொன்பது டாலர். அந்த ஒரு மாதத்துக்குள் இணையத்தில் எத்தனை பாடத்தை வேண்டுமானாலும் படித்துத் தேர்வெழுதிக்கொள்ளலாம். அளவுச் சாப்பாடு இல்லை, வயிறு கொள்ளும் மட்டும் சாப்பாடு. பாடத்துக்கு மூன்று கிரெடிட். சேர்த்ததை ஒரு பல்கலைக்கழகத்தில் கொண்டுபோய்க் கொட்டி, மிச்சத்தை அங்கே படித்து, மொத்தம் நூற்றிருபது ஆகிவிட்டால் வணிக நிர்வாகப் பட்டம் வீடு தேடி வரும்.

ஜூலை மாதத்துச் சனிக்கிழமைக் காலை. ஓஹையோவின் ஜேன்ஸ்வில் ஊரில், டெல்பர்ட் கான்லி ஜூனியர் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கடிதத்தை ஐந்தாவது முறையாகப் படித்தான். வாழ்த்துக் கடிதம். அதுதான் தொல்லை.

“நூத்தி இருபதும் முடிச்சுட்டேனாம்,” என்றான்.

மனைவி ரோண்டா அடுப்பில் முட்டையைத் திருப்பிப் போட்டாள். “நல்ல சேதிதானே. பல்லு புடுங்கப் போறவன் மாதிரி ஏன் உக்காந்திருக்க?”

“என் கணக்குல நூத்திப் பதினேழுதான் வருது.”

இருபது வருடத்துக்கு முன்பு பாதியில் விட்ட கல்லூரியிலிருந்து முப்பது, இணையத்தில் ஐம்பத்தேழு, பல்கலைக்கழகத்தில் முப்பது. விரல் விட்டு எண்ணினாலும் நூற்றுப்பதினேழு. கடைசிப் பாடமான வணிகச் சட்டத்தில் பாதிதான் முடித்திருந்தான். தேர்வு இனிமேல்தான்.

“பட்டியல்ல ‘மனிதவள மேலாண்மை’ன்னு ஒண்ணு இருக்கு. நான் படிக்கவே இல்ல. தொண்ணூத்தியொரு மார்க் வேற. அதுலயே தெரியல, அது நான் இல்லைன்னு?”

“கடைக்காரன் ஒரு தக்காளி கூடப் போட்டா வாங்கி வச்சுக்கணும். தராசைத் திருப்பிக் காட்டச் சொல்லக் கூடாது.”

ரோண்டா சொன்னது நியாயம்தான். ஆனால் ஜூனியர் டிராக்டர் உதிரிபாகக் கடையில் பதினோரு வருடம் துணை மேலாளராக இருந்தவன். விவசாயி ஒருவனுக்கு ஒரு போல்ட் குறைவாகப் போய்விட்டது என்று பதினெட்டு மைல் வண்டி ஓட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தவன். இப்படிப்பட்டவர்களை முதலாளிகள் பாராட்டுவார்கள். பதவி உயர்வை வேறு ஆளுக்குக் கொடுப்பார்கள்.

இந்த முறையும் அப்படித்தான் ஆகும்போல இருந்தது. மேலாளர் செப்டம்பரில் ஓய்வு பெறுகிறார். பட்டம் இல்லாதவருக்கு அந்த நாற்காலி கிடையாது என்பது கம்பெனி விதி. ஆகஸ்ட் கடைசிக்குள் பட்டம் வராவிட்டால் கொலம்பஸிலிருந்து ஓர் ஆசாமி வருவான். அவனுக்குப் பேரிங் எது, வாஷர் எது என்று தெரியாது. பட்டம் மட்டும் இருந்தது.

போதாக்குறைக்கு, புத்தாண்டு விருந்தில், பன்றிக்கறியும் புளித்த முட்டைக்கோசும் தட்டில் விழுந்த கையோடு, “கான்லி குடும்பத்துல முதல் பட்டதாரி நான்தான், எழுதி வச்சுக்கங்க” என்று அறிவித்துத் தொலைத்திருந்தான். நாற்காலி போனால் கடைக்கு மட்டும்தான் தெரியும். சபதம் போனால் பதினேழு உறவுக்காரர்களுக்குத் தெரியும்.

கீழ்த்தளத்தின் படியில் கைத்தடிச் சத்தம் கேட்டது. அப்பா. பெயர் அவருக்கும் டெல்பர்ட் கான்லிதான். ஒரே பெயரை இரண்டு தலைமுறைக்கு ஓட்டிய சிக்கனக் குடும்பம். ஆனால் அவரை அந்தப் பெயரால் அழைத்தது வரி அலுவலகம் ஒன்றுதான். ஊருக்கு அவர் ரஸ்டி. ரயில்வேயில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, போன இலையுதிர்காலத்தில் இடுப்பு எலும்பை மாற்றிக்கொண்டு, மகன் வீட்டுக் கீழ்த்தளத்தில் குடியிருந்தார்.

“என்ன பேராசிரியரே, முகம் வாடியிருக்கு?” என்று கோப்பையில் காபியை ஊற்றிக்கொண்டார். “ஏழு மாசத்துல பட்டமாம். ஏழு மாசத்துல ஒரு வேட்டை நாயைக்கூடப் பழக்க முடியாதுடா.”

“நாய்க்கும் மாசம் தொண்ணூத்தொம்பது கட்டிப் பாருங்கப்பா.”

“கட்டலாம். அது பாஸானா உன்னை யாரு மதிப்பா?”

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் ஜூனியர் பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்துக்குப் போன் செய்தான். நடீன் என்றொரு பெண் எடுத்தாள். மென்மையான குரல்.

“படிக்காத பாடம் என் கணக்குல வந்திருக்கும்மா. எடுத்துடுங்க.”

“சார், நான் இங்க பதினாலு வருஷமா இருக்கேன். கிரெடிட்டைக் காணோம்னு அழுதவங்க உண்டு. கூட இருக்குன்னு போன் பண்ணினது நீங்கதான் முதல்.”

“எடுக்க முடியுமா, முடியாதா?”

“எடுத்துட்டேன். ஆனா ஒரு சங்கடம். ‘இது நான் படிச்சதில்லை’ன்னு மாணவரே சொல்லிட்டா, மத்ததெல்லாம் அவர்தான் படிச்சாரான்னு குழு விசாரிக்கணும். அதுவரைக்கும் உங்க கோப்பைப் பூட்டி வைக்கணும்.”

“எதைப் பூட்டுவீங்க?”

“எல்லாத்தையும் சார்.”

போனை வைத்தபோது நூற்றிருபது நூற்றுப்பதினேழாகி, நூற்றுப்பதினேழு பூஜ்யமாகியிருந்தது. நேர்மைக்கு வட்டி உண்டு என்பார்கள். அதைக் கட்டுகிறவன் யார் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

பூட்டைத் திறக்க ஒரு வழி இருந்தது. தான் படித்த பாடங்களை வரிசையாக எழுதி, சாட்சி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். ஜூனியர் வங்கிக்குப் போனான். அங்கிருந்த நோட்டரிப் பெண்மணி சாட்சி முத்திரை குத்தினாள். இணையத்தில் படித்தவை பத்தொன்பது, அதற்குமேல் ஒன்றும் இல்லை என்று சத்தியம் செய்து அனுப்பினான்.

நான்கு நாள் கழித்து நடீன் அழைத்தாள்.

“சார், உங்க சத்தியம் வந்துது. அது வந்த அன்னிக்கே இன்னொரு பாடமும் வந்துது. ‘வணிக ஒழுக்கவியல்’. தொண்ணூத்தி நாலு மார்க். இப்ப நீங்க பொய்ச் சத்தியம் பண்ணின மாதிரி ஆகுது.”

“ஒழுக்கவியல்லயா?”

“அதான் குழுவுக்கும் உறுத்துது.”

வீட்டுக்கு வந்து ரோண்டாவிடம் சொன்னான். “எவனோ என் பேரைத் திருடிட்டான்.”

“திருடி?”

“திருடி… படிக்கிறான்.”

ரோண்டா துண்டில் கையைத் துடைத்தபடி யோசித்தாள். “உன் பேரைத் திருடி, உன் வங்கிக் கணக்கைத் தொடாம, உட்கார்ந்து ஒழுக்கவியல் படிச்சு, தொண்ணூத்தி நாலு வாங்கி, அதையும் உனக்கே அனுப்புறான். டெல்பர்ட், அவனைப் பிடிச்சா போலீஸ்ல குடுக்காத. தத்து எடுத்துக்கலாம்.”

அவன் சிரிக்கவில்லை. அன்றே இணையப்பாட நிறுவனத்துக்கு எழுதினான்: இந்த முகவரியில், டெல்பர்ட் கான்லி என்ற பெயரில் உள்ள எல்லாக் கணக்கையும் உடனே முடக்கவும். வாடிக்கையாளர் சொன்னதை மறு பேச்சின்றிச் செய்யும் நிறுவனம் உலகில் ஒன்று உண்டென்றால், அது அவன் கெடுதலுக்கென்று வாய்த்திருந்தது. பத்து நிமிடத்தில் முடக்கினார்கள். மறுநாள் காலை வணிகச் சட்டத் தேர்வு எழுதவிருந்த அவனுடைய கணக்கும் அதில் சேர்த்தி.

தலையைப் பிடித்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தபோது, அப்பா வழக்கத்தைவிட வேகமாகப் படியேறி வந்தார்.

“டேய், நெட்டு போச்சா?”

“ஓடுதே.”

“எனக்கு ஓடல.”

“என்ன பாத்துக்கிட்டிருந்தீங்க?”

“டிராக்டர் ஏலம்.”

“ஏலம் பாக்க நோட்டும் பென்சிலும் எதுக்குப்பா?”

அப்பா காதில் செருகியிருந்த பென்சிலைத் தொட்டுப் பார்த்தார். “விலை எழுதி வைக்க வேணாமா? எல்லாத்துக்கும் கேள்வி. நீ உன் சட்டத்தைப் படி.” முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார்.

கணக்கைத் திறக்கக் கேமரா முன்னால் முகத்தைக் காட்ட வேண்டும் என்றார்கள். சமையலறை மேஜையிலேயே ஜூனியர் கணினியைத் திறந்து உட்கார்ந்தான். திரையில் வந்த பெண் ஓட்டுநர் உரிமத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். பார்த்தாள். வேறெதையோ பார்த்தாள். மறுபடி அவனைப் பார்த்தாள்.

“சார், இந்த முகவரியில டெல்பர்ட் கான்லி பிறந்த வருஷம் எங்ககிட்ட ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தொண்ணுன்னு இருக்கு. உடம்பை ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க.”

ரோண்டா கரண்டியைக் கீழே வைத்தாள். இருவரும் ஒரே நேரத்தில் கீழ்த்தளத்துக் கதவைப் பார்த்தார்கள்.

அப்பா பழைய சோபாவில், காலை நீட்டி, மடியில் கணினியோடு இருந்தார். பக்கத்தில் மூன்று நோட்டுகள். சரக்கு ரயில் அட்டவணை மாதிரிக் கோடு போட்டு, குறுகிய எழுத்தில் நிரப்பியிருந்தார். மகனைக் கண்டதும் கணினியை மூடப் பார்த்தார். விரல் மாட்டிக்கொண்டது.

“அப்பா, ஒழுக்கவியலா?”

“பொழுது போகலடா. இடுப்பை மாத்தினப்புறம் நடக்க விடல. டிவியில ஒரே சண்டை.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. உங்க பாடம் என் கோப்புல விழுந்து நான் பொய்யன் ஆகிட்டேன்.”

அப்பாவின் முகம் அப்படி மாறி ஜூனியர் அதுவரை பார்த்ததில்லை. கேலி எல்லாம் வடிந்துவிட்டது. “உனக்குப் பட்டம் கிடைக்காதா?”

“கிடைக்கும், கிடைக்கும். நீங்க வந்து ஒரு கையெழுத்துப் போட்டா சரியாயிடும்.”

“இப்பவே போலாம். கோட்டை எடு.”

“ஜூலை மாசம்ப்பா, கோட்டு எதுக்கு. வங்கி நாளைக்குத்தான்.” ஜூனியர் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தான். கோபம் எங்கேயோ போய்விட்டிருந்தது. “எத்தனை பாடம் முடிச்சிருக்கீங்க?”

“என்னமோ, ரெண்டு மூணு. எண்ணி வைக்கல.”

“பரவாயில்ல. மெதுவா போங்க. எனக்கு முடிஞ்சதும் நான் கூட உக்காந்து சொல்லித்தர்றேன். புள்ளியியல்தான் கொஞ்சம் கஷ்டம்.”

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். “ஆமா,” என்றார், “அது கஷ்டமாத்தான் இருக்கும்போல. சொல்லிக்குடு.”

மறுநாள் வங்கிப் பெண்மணி இரண்டு டெல்பர்ட்டுகளின் கையெழுத்தையும் வாங்கி, இரண்டு முறை முத்திரை குத்தினாள். நடீன் போனில் பெரியவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்றாள். இருபது நிமிடம் பேசினார்கள். “நல்ல பொண்ணு, ரகசியம் தெரிஞ்சவ” என்று மட்டும் சொல்லிப் போனைக் கொடுத்தார். மனிதவளமும் ஒழுக்கவியலும் உரிய டெல்பர்ட்டின் கோப்புக்குப் போயின. ஜூனியரின் கோப்புத் திறந்தது. வணிகச் சட்டத்தில் எழுபத்தெட்டு வாங்கினான். யாரும் சந்தேகப்படாத மதிப்பெண்.

ஆகஸ்ட் இருபத்தேழில் பட்டம் உறுதியானது. கொலம்பஸ் ஆசாமி கொலம்பஸிலேயே இருந்தான். ஜூனியர் மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாளே, அப்பா கைத்தடியோடு கடைக்கு வந்து, வரிசையில் நின்ற விவசாயிகள் ஒவ்வொருவரிடமும், “கான்லி குடும்பத்துல முதல் பட்டதாரி, என் மகன். எழுதி வச்சுக்கங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிஸ்டன் வளையம் வாங்க வந்த ஒருவர் உண்மையிலேயே எழுதிக்கொண்டார்.

ஜூனியர் அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏழு மாதம் பேராசிரியரே, பேராசிரியரே என்று வாரியவர். தன் கையில் அரைகுறையாக இரண்டு மூன்று பாடத்தை வைத்துக்கொண்டு, மகன் பெருமையை விற்றுக்கொண்டிருக்கிறார். அவருக்கும் ஏதாவது செய்ய வேண்டும். எழுபத்து நான்கு வயதானால் என்ன. பல்கலைக்கழகக் கட்டணத்தைத் தானே கட்டிவிடுவது, கிறிஸ்துமஸுக்குள் பாதி, அடுத்த கோடைக்குள் மீதி. அறைக் கதவைச் சாத்திவிட்டு நடீனுக்குப் போன் செய்தான்.

“என் பட்டம் கிளம்பிடுச்சாம்மா?”

“நேத்துத் தபால்ல போட்டாச்சு சார். இந்தத் தடவை எதையாவது குறைக்கணுமா?”

“இல்ல, இல்ல. அப்பா விஷயம். அவருக்குத் தெரியாம அவர் கட்டணத்தை நான் கட்டிடலாம்னு பாக்கறேன். நூத்தி இருபதுக்கு அவருக்கு இன்னும் எத்தனை பாக்கி?”

மறுமுனையில் மேஜை இழுப்பறை ஒன்று திறந்து மூடும் சத்தம் கேட்டது.

“இனிமே சொல்லலாம்னு காலைலதான் அவரே போன் பண்ணிச் சொன்னார் சார்,” என்றாள். “பெரியவர் ஏப்ரல்லயே முடிச்சுட்டார், ஒரு பாடம் நடந்துக்கிட்டிருந்தா பட்டத்தை அனுப்பக் கூடாதுங்கறது எங்க விதி, அதனால ‘என் பையன்தான் வீட்டுல முதல் பட்டதாரியா இருக்கணும்’னு மாசத்துக்கு ஒரு புதுப் பாடம் எடுத்து எடுத்து அதைத் தள்ளிப்போட்டுக்கிட்டே வந்திருக்கார். தேவை நூத்தி இருபது, இருப்பு நூத்தி முப்பத்திரண்டு, கூடுதல் பன்னிரண்டு, பாக்கி ஒண்ணும் இல்ல சார்.”