அக்கா அறைக்கு எந்தச் சுவர்?

அன்பும் பொறுப்பும் நிறைந்த மருமகனுக்கு, உன் தாய்மாமன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தையும் என் மகளும் சுகம். தையல் கடை சுகம், மிஷின் இரண்டும் சுகம். என் கழுத்து மட்டும் ஒரு வாரமாகச் சுகமில்லை. அதற்கு நீதான் காரணம் என்பதை மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு உன் தாயார் எப்படி இருக்கிறார், வாக்கரைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் நடக்கிறார் என்பதை மறுபதிலில் எழுதவும்.

நிற்க. உன் கடிதம் கிடைத்தது. மாதத்தில் இருபது நாள் நீ வெளியூரில் இருப்பதாகவும், அம்மாவைத் தனியாக விட முடியவில்லை என்றும், முதியோர் இல்லம் ஒன்றில் தனி அறை, தனிக் கதவு, தோட்டத்தைப் பார்த்த ஜன்னலுடன் இடம் பார்த்துவிட்டதாகவும், "நான் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறீர்களே மாமா, உங்கள் வீட்டில் அம்மாவுக்குத் தனி அறை எங்கே இருக்கிறது? இருந்தால் காட்டுங்கள், இல்லையென்றால் ஒன்றாம் தேதி சேர்த்துவிடுகிறேன்" என்றும் எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. நீ கேட்டதில் நியாயம் இருந்ததால் கோபம் இரண்டு மடங்காக வந்தது. என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவளை ஒரு இல்லத்தில் விட்டுவிட்டு நான் இங்கே ஊரார் சட்டைக்கு அளவெடுத்துக்கொண்டிருப்பதா? நடக்காது. கடிதத்தை மடிக்கும்போதே முடிவு செய்துவிட்டேன்: கடையில் பாதியைத் தடுத்து அக்காவுக்கு அறை. கதவோடு, ஜன்னலோடு.

சுவர் எழுப்பவும் தெருப்பக்கம் ஜன்னல் வைக்கவும் கட்டட அலுவலகத்தில் அனுமதி வேண்டுமாம். கையால் வரைந்த படம் செல்லாதாம், கம்ப்யூட்டரில் வரைய வேண்டுமாம். என் மகள் கட்டடப் படம் வரைகிற கம்பெனியில்தானே வேலை செய்கிறாள், அவள் "அரை நாள் வேலைப்பா, நானே போட்டுத் தரேன்" என்றாள். நான்தான் மறுத்துவிட்டேன். முப்பத்தொரு வருஷமாக ஊருக்கே வெட்டித் தைத்தவனுக்குத் தன் கூடப்பிறந்தவளுக்கு ஒரு அறை வெட்டத் தெரியாதா? ஒரு கை பார்த்துவிடுவது என்று அவளுடைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அக்கா வாக்கரோடு வரணும், அதனால முதல்ல மூணடிக் கதவு ஒண்ணு வெச்சுடுவோம்னு கதவை எடுத்து வெள்ளைத் திரையில வெச்சா, அது உட்கார மாட்டேங்குது. எங்க வெச்சாலும் இங்க கூடாதுன்னு ஒரு வட்டத்துக்குள்ள கோடு போட்டுக் காட்டுது. கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன். என் மகள் பின்னால நின்னுக்கிட்டு, "அப்பா, கதவு காத்துல நிக்காது. முதல்ல சுவர். அதுலயும் எந்த வகைச் சுவர்னு சொல்லணும். சுவர் எவ்ளோ கனமோ அதுக்கேத்த மாதிரிதான் கதவு நிலையும் ஜன்னலும் அமையும்"னா. இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன கேடு?

சுவர் வகைன்னு தட்டினா பதினாலு வகை வருதுடா! செங்கல் ஒம்பது இஞ்சு, செங்கல் நாலரை இஞ்சு, பலகைத் தடுப்பு, கண்ணாடி, கருங்கல்லுன்னு துணிக்கடை அலமாரி மாதிரி அடுக்கி வெச்சிருக்கான். அக்காவுக்குன்னா மட்டமானதைப் போட மனசு வருமா, இருக்கறதுலயே கனமானதா ஒன்றரை அடிக் கருங்கல்லை நாலு பக்கமும் போட்டுட்டேன். ஜன்னல் வெச்சேன், அழகா உட்கார்ந்துச்சு. கதவு வெச்சேன், அதுவும் உட்கார்ந்துச்சு. கட்டிலைக் கொண்டுபோய் வெச்சா அறையில பாக்கி இடமே இல்லை, வாக்கர் வெளியில நிக்குது. எல்லா இடத்தையும் சுவரே தின்னுடுச்சு. உன் அத்தை எட்டிப் பார்த்துட்டு, "உங்க அக்காவைத் தங்க வைக்கப் போறீங்களா, சிறை வைக்கப் போறீங்களா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டா. சரின்னு ஒம்பது இஞ்சுச் செங்கலுக்கு மாத்தினேன். முப்பரிமாணத்துல திருப்பிப் பார்த்தேன். பூசி வெள்ளையடிச்ச நல்ல பக்கம் தெருவுல, பூசாத செங்கல் கட்டிலுக்குப் பக்கத்துல! சுவரை இடப்பக்கமா வரைஞ்சா ஒரு மாதிரி, வலப்பக்கமா வரைஞ்சா ஒரு மாதிரி புரண்டுக்குமாம். முப்பத்தொரு வருஷத்துல ஒரு சட்டையை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி தெச்சிருப்பேனா? மானமே போச்சு. கதவு வேற கடைப் பக்கமா திறக்குது, துணி கொடுக்க வர்றவன் மூக்கையெல்லாம் பேக்கறதுக்கு.

விட்டேனா? எல்லாத்தையும் ஒவ்வொண்ணா புரட்டிப் போட்டேன். அப்ப உன் அத்தை, வெளிச்சம் வேணும்னு சொன்னா. அதுவும் சரிதான்னு கடைக்கும் அறைக்கும் நடுச் சுவரை மட்டும் கண்ணாடிக்கு மாத்தினேன். பொசுக்குனு கதவைக் காணோம். கண்ணாடிச் சுவருக்கு அது கேக்கிற கதவைத்தான் வெக்கணுமாம், செங்கல் சுவர்க் கதவு அதுல நிக்காதாம். கோவத்துல அந்தச் சுவரையே அழிச்சேன், அதுல இருந்த ஜன்னலும் கூடவே போயிடுச்சு. என் மகள் வந்து, "நடுச் சுவர்ல எதுக்குப்பா ஜன்னல்?"னு கேட்டா. அக்கா எட்டிப் பார்க்கன்னு சொன்னேன். "எதைப் பார்க்க, நீங்க பட்டனுக்குக் காஜா எடுக்கறதையா?"ன்னு சிரிச்சா. ஜன்னல் தெருப் பக்கம்தான்னு முடிவாச்சு. நடுவுல பலகைத் தடுப்பா செங்கலான்னு அடுத்த பிரச்சினை. மிஷின் சத்தத்துல அக்கா தூங்கணுமே! உன் அத்தையைக் கட்டில்ல படுக்க வெச்சு, நடுவுல துணி வெட்டற பலகையை நிமித்தி வெச்சு, மிஷினை ஓட்டிக்கிட்டே "கேக்குதா?"ன்னேன். "மிஷினும் கேக்குது, நீங்க நாலு நாளா உளர்றதும் கேக்குது"ன்னா. அதனால நடுச் சுவர் நாலரை இஞ்சுச் செங்கல், மூணடிக் கதவு, உள்பக்கமா திறக்கும். தெருப்பக்கம் ஒம்பது இஞ்சு, நாலடி ஜன்னல். யார் வந்து சொன்னாலும் இனி மாத்தறதா இல்லைன்னு அச்செடுத்து அலுவலகத்துல கொடுத்துட்டு நிம்மதியா டீ குடிச்சேன்.

மறுநாள் காலையில பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் கையில காகிதத்தோட வந்து நிக்கறார். அவர் வீட்டுக்கும் நமக்கும் பொதுச் சுவர் இருக்கறதால அலுவலகத்துல அவருக்கும் ஒரு படம் அனுப்பியிருக்காங்க. மனுஷன் ரொம்ப மரியாதையா, "உங்க அக்கா வர்றதுல எனக்குச் சந்தோஷம்தான். ஆனா என் கிளினிக்குக்குள்ள நாலு இஞ்சு வந்துட்டாங்களே"ன்னார். டேப்பை எடுத்து மறுபடி அளந்தேன். அப்புறம்தான் எங்க தப்புன்னு புரிஞ்சுது. நான் அளந்தது என் அறுபது இஞ்சு டேப்புல. சுவர் இருபதடி நீளம், அப்ப நாலு துண்டா அளக்கணும். கைப்பழக்கம் விடுமா, ஒவ்வொரு துண்டுக்கும் இந்தப் பக்கம் அரை இஞ்சு, அந்தப் பக்கம் அரை இஞ்சு தையலுக்கு விட்டிருக்கேன்! நாலு துண்டுக்கு நாலு இஞ்சு. அசடு வழிஞ்சுக்கிட்டு மன்னிப்பு கேட்டேன். என் மகள் தரையில உட்கார்ந்து கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சா. சிரிக்கட்டும். தையலுக்கு விட்டதையெல்லாம் கழிச்சு மறுபடி வரைஞ்சேன், மறுபடி கொடுத்தேன். நேத்து அனுமதி முத்திரை விழுந்துடுச்சு.

ஆகவே மருமகனே, நீ கேட்ட தனி அறை, தனிக் கதவு, தனி ஜன்னல் மூன்றும் இத்துடன் இணைத்துள்ள படத்தில் உள்ளன. கண்ணாடி போட்டுக்கொண்டு நன்றாகப் பார்க்கவும். சுவர் எழும்ப மூன்று வாரம் ஆகும் என்று கொத்தனார் சொல்லியிருக்கிறார். ஆகையால் ஒன்றாம் தேதி என்ற பேச்சை விட்டுவிடவும். என் அக்காவுக்கு நான் சுவர் தேர்ந்தெடுத்தாகிவிட்டது, இனி இல்லம் என்ற வார்த்தை நம் இருவருக்குள் வரக் கூடாது. வேலை செய்யும் இடத்தில் நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். உனக்கு எல்லா நலமும் கிடைக்க ஆசீர்வதிக்கும்,
உன் தாய்மாமன்.

பின்குறிப்பு: பதறாதே. உன் அம்மா இங்கேதான் இருக்கிறாள். உறையை ஒட்டப் போகிற நேரத்தில் வாசலில் டாக்சி வந்து நின்றது. உங்கள் எதிர்வீட்டு டீச்சரம்மாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஒரு பெட்டியும் வாக்கருமாக இறங்கினாள். "நீங்க ரெண்டு பேரும் லெட்டர் போட்டு முடிவெடுக்கறதுக்குள்ள எனக்கு இன்னொரு முட்டியும் போயிடும்"னா. உனக்குப் போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. என் மகள் செய்தி அனுப்பியிருக்கிறாள். உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும் படத்தை விரித்து, எது நாலரை இஞ்சு, எது ஒன்பது இஞ்சு, நிலை எவ்வளவு ஆழம் என்று எல்லாம் பெருமையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். அப்புறம் நடுச் சுவர் மேல் விரலை வைத்தாள்.

"இதுக்கு அந்தப் பக்கம் யாருடா இருப்பா?"

"நான்தான்க்கா. கடை."

"அப்புறம் எதுக்கு இது? எட்டு மாசமா கதவைச் சாத்தின அறையில தனியாத்தான் படுத்துக் கிடந்தேன்."

கட்டிலைத் துணி வெட்டற மேஜைக்குப் பக்கத்துல போட்டாச்சு. கொத்தனாரை வர வேண்டாம்னு சொல்லியாச்சு. அவள் கேட்டதுக்கு நீ ஒரு தடவை நேர்ல வந்து பதில் சொல்லிப் பாரு.