மொதல் டோக்கன்

ஓசூர் தொழிற்பேட்டையில் அவள் உட்கார்ந்து எழாத இன்டர்வியூ நாற்காலி ஒன்று இருந்தால், அது இன்னும் ஆசாரி பட்டறையை விட்டு வெளியே வரவில்லை என்று அர்த்தம். எந்தக் கம்பெனி கேட்டில் 'பெண்கள் தேவை' என்று தட்டி கட்டினாலும், கட்டியவன் ஏணியை விட்டு இறங்குவதற்குள் கீழே அவள் நிற்பாள். வாட்ச்மேன் கொடுக்கிற டோக்கனில் ஒன்றாம் நம்பர் அவளுக்குத்தான். அதனாலேயே எங்கள் லைன் வீட்டில் அவள் பெயர் 'மொதல் டோக்கன்' ஆகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

வரிசையாகப் பத்து அறைகள். ஒன்பதாவது என்னுடையது, பத்தாவது அவளுடையது. நடுவில் இருந்தது பேருக்குத்தான் சுவர். அவள் தும்மினால் நான் இங்கிருந்து 'நூறு' சொல்வேன். நாற்பத்தாறு வயது, தனி ஆள். அட்டைப்பெட்டி ஒட்டுகிற ஷெட் ஒன்றில் வேலை. இன்டர்வியூ உள்ள நாளில் மட்டும் ஷெட்டுக்கு லீவு. மற்றவர்கள் கோயிலுக்கும் சினிமாவுக்கும் போவது போல அவள் இன்டர்வியூவுக்குப் போவாள்.

"உனக்கு என்னாத்துக்கு இந்த வேண்டாத வேலை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உள்ள போனா பேரு சொல்லிக் கூப்புடறாங்கக்கா. அப்புறம் 'உட்காருங்க மேடம்'ங்கறாங்க. ஃபேன் வேற சுத்துது. நம்மள எந்த பஸ்ஸுல, எந்தக் கடையில, எந்த வூட்டுல அப்பிடிச் சொல்றாங்க, நீயே சொல்லு?"

யோசித்துப் பார்த்தேன், எனக்கும் ஞாபகம் வரவில்லை.

ஒரு கம்பெனி வாட்ச்மேன் கன்னடக்காரர். இவளைக் கண்டாலே, "ஏனம்மா, மத்தே பந்த்யா?" என்று தலையில் கை வைப்பார், மறுபடியும் வந்துட்டியா என்று. இவளுக்குக் கன்னடம் நன்றாக வரும். ஆனாலும் "வச்சினானு சாமி, ஏம் இப்புடு?" என்று தெலுங்கில்தான் பதில் கொடுப்பாள், வந்துட்டேன், இப்ப என்ன என்று. தெலுங்குக்காரர் கேட்டால் கன்னடத்தில் பதில் வரும். அவர் அதைப் புரிந்துகொள்வதற்குள் டோக்கன் இவள் கைக்கு வந்துவிடும்.

பச்சை நிற பிளாஸ்டிக் ஃபைல் ஒன்று வைத்திருந்தாள். அதில் ஆதார் ஜெராக்ஸ், பள்ளிக்கூட சர்டிபிகேட், முப்பத்திரண்டு பல்லும் தெரிகிற பாஸ்போர்ட் போட்டோ இரண்டு டஜன். வயது வரம்பெல்லாம் அவளுக்கு லட்சியம் இல்லை. சின்னச் சின்ன சாமான் செய்கிற கம்பெனி ஒன்றில், "இது பதினெட்டுலருந்து இருபத்தஞ்சு வயசுப் பொண்ணுங்களுக்கும்மா" என்றார்களாம். "நான் என்ன, அந்த வயசைத் தாண்டாம குறுக்கு வழியிலயா இங்க வந்தேன்?" என்று கேட்டுவிட்டு, பலகையில் குண்டூசி செருகுகிற விரல் பரீட்சையைச் செய்தே தீருவேன் என்று உட்கார்ந்து, எல்லாப் பெண்களையும் முந்திச் செருகி முடித்துவிட்டு வந்தாள்.

இன்னொரு இடத்தில் தாமதமாகப் போனாளாம். ஏன் என்று கேட்டார்கள். "சானமாவு காட்டுக்கிட்ட ஆனை ரோட்டைக் கடந்துச்சு சார். அஞ்சு பெருசு, ரெண்டு குட்டி. நம்பலன்னா கூப்ட்டு விசாரிங்க."

"அஞ்சு வருஷம் கழிச்சு நீங்க எங்க இருப்பீங்க?" என்று ஓர் அதிகாரி கேட்டதற்குச் சொன்ன பதிலை எங்கள் லைன் முழுக்க மனப்பாடமாகச் சொல்லும். "அது இருக்கட்டும், நீங்க எங்க இருப்பீங்க சார்? போன தடவ நான் வந்தப்ப இந்த நாற்காலியில வேற ஒருத்தரு இருந்தாரு."

இதெல்லாம் வெறும் வேடிக்கை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், சுதா வருகிறவரைக்கும்.

சுதா மத்தூர்ப் பெண். ஐந்தாவது அறைக்கு வந்து சேர்ந்தவள். முதல் இன்டர்வியூவில் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நின்று, கையைத் தூக்கி, "உள்ளேன் ஐயா" என்று சொல்லிவிட்டாள். உள்ளே இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் ஒருவருக்குப் புரை ஏறிவிட்டதாம். ஷேர் ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தவள், "நான் ஊருக்கே போறேன்" என்று பையைக் கட்டிவிட்டாள்.

மொதல் டோக்கன் போய் அவள் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "நல்லா சிரிச்சாங்களா?"

"ம்."

"எத்தினி பேரு?"

"மூணு பேரும்."

"அடிப்பாவி. நான் இத்தினி வருஷமா போறேன், ஒருத்தருக்கு மேல என்னால சிரிக்க வெக்க முடியல. நீ மொத தடவையே மூணு பேரைச் சாய்ச்சுட்டு வந்து அழுவுற?"

அந்தப் பெண் மூக்கு ஒழுகச் சிரித்தது. அடுத்த வாரம் போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனிக்கு இருவருமாகப் போனார்கள். இவள் ஒன்றாம் டோக்கன், சுதா இரண்டு. இவள் உள்ளே போய்விட்டு வந்து காதில் சொல்லியிருக்கிறாள்: "மூணு பேரு இருக்கறாங்க. நடுவுல இருக்கறவரு பல்லு இடுக்குல கீரை ஒட்டிக்கிட்டிருக்குது. நீ அதையே பாத்துப் பேசு. பயம் வராது." சுதா அப்படியே செய்தாள். பெண் தைரியமாக முகத்துக்கு நேராகப் பார்த்துப் பேசுகிறது என்று சொல்லி உடனே எடுத்துக்கொண்டார்கள். கீரை இருந்தது நிஜமா என்று நான் பிறகு சுதாவைக் கேட்டேன். "தேடிக்கிட்டே இருந்தேம்மா. அதுக்குள்ள இன்டர்வியூ முடிஞ்சிடுச்சு" என்றது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது.

நான் ஒரு பெரிய கம்பெனி கேன்டீனில் ஒன்பது வருஷமாகக் காய் வெட்டிக்கொண்டிருந்தேன். என் கையில் வெங்காயம் அழும், நான் அழமாட்டேன். அப்படிப்பட்ட என்னைப் பார்த்து, கேன்டீன் கான்ட்ராக்ட் வேறு ஆளுக்கு மாறிவிட்டது, பழைய ஆட்களும் புதிதாக இன்டர்வியூவுக்கு வரவேண்டும் என்றார்கள். வேலை போனால் பெங்களூரில் மகன் வீட்டில் ஒன்பதாவது மாடியில் உட்கார்ந்து லிஃப்ட் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மகன் நல்லவன். ஆனால் அவன் வீட்டுக் கத்தியைக்கூட நான் தொடக் கூடாது, வேலைக்காரப் பெண் கோபித்துக்கொள்வாள்.

இன்டர்வியூவுக்கு நான் பயப்படவில்லை. பாதுகாப்பு விதிகள் என்று ஒரு தாள் கொடுப்பார்களாம், அதைச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அங்கேதான் சிக்கல். எனக்குக் கையெழுத்து மட்டும் வரும். பஸ் நம்பர் தெரியும். படிக்கத் தெரியாது. இதை என் மகனிடம்கூடச் சொன்னதில்லை. பேங்கில், ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில் எங்கே தாளை நீட்டினாலும், "கண்ணாடி உடைஞ்சு போச்சு, நீங்களே படிங்க" என்பேன். வாழ்நாளில் நான் கண்ணாடி போட்டதே இல்லை.

"என்னாக்கா, மூஞ்சி சுண்டிப் போயி கெடக்குது?" என்றாள் மொதல் டோக்கன்.

"இன்டர்வியூவுல தாளைப் படிக்கணுமாம். என் கண்ணாடி உடைஞ்சு போச்சு."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "அடடா, போன மாசமும் உடைஞ்சுதே" என்றாள்.

இன்டர்வியூ அன்று காலை அவளும் என்னோடு கிளம்பினாள். இஸ்திரி போட்ட சேலை, இழுத்து வாரிய தலை. வழியெல்லாம் ஒரு கேலிப் பேச்சுகூட வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். வழக்கம்போல அவள் ஒன்று, நான் இரண்டு. அவள் உள்ளே போனாள். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"இதைப் படிங்கம்மா" என்று ஆபீசர் சொல்வது கேட்டது.

"எனக்குப் படிக்கத் தெரியாது சார்."

நான் பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டேன். போண்டா கட்டிக் கொடுத்த காகிதத்தை முழுக்கப் படித்து முடித்த பிறகுதான் போண்டாவை வாயில் வைப்பவள் அவள்!

"ஃபார்ம் எல்லாம் எழுதிக் குடுத்திருக்கீங்களே?"

"பக்கத்து வூட்டுப் பொண்ணு எழுதுச்சு. நான் ஒண்ணு கேக்கறேன் சார். வெங்காயத்து மேல என்னா எழுதியா இருக்குது, படிச்சுப் பாத்து வெட்டறதுக்கு? நீங்க படிங்க, நாங்க கேட்டுக்கறோம். புரிஞ்சுதான்னு கேள்வி கேளுங்க. சொல்லலன்னா அனுப்பிடுங்க. கடகடன்னு ஒப்பிச்சுட்டு வந்து விரலை வெட்டிக்கறவ வேணுமா, எழுத்துத் தெரியாம விரலைக் காப்பாத்திக்கறவ வேணுமா?"

ஆபீசர் சிரிக்கிற சத்தம் கேட்டது. "சரி, எல்லாருக்கும் நீங்களே படிச்சுக் காட்டிருங்க" என்று கிளார்க்கிடம் சொன்னார்.

நான் உள்ளே போனேன். கிளார்க் படித்தான். தரையில் எண்ணெய் கொட்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். எண்ணெய் கொட்டாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வந்தேன். வேலை என்னிடமே இருந்தது. கண்ணாடியைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

ஒரு மாதம் கழித்துத்தான் அந்தக் கிளார்க் சொன்னான். அவள் காய் வெட்ட வந்தவள் இல்லையாம். சாப்பாட்டுக் கூடத்துக்கு லேடீஸ் சூப்பர்வைசராக வந்தாளாம். நீலக் கோட்டு, சட்டைப்பையில் பெயர் அட்டை. "பேசுற பேச்சுக்கு இந்தம்மாதான்னு ஆபீசர் பாதி முடிவே பண்ணிட்டாருங்க. படிக்கத் தெரியாதுன்னா அந்த வேலையை எப்பிடிக் குடுக்கறது?"

நேரே அவள் அறைக்குப் போய் நின்றேன். "ஏன் இப்படிப் பண்ணின?"

"நீலக் கலரு எனக்கு எடுக்காதுக்கா" என்றாள். "அதும் இல்லாம, வேலை கெடச்சுட்டா அடுத்த இன்டர்வியூவுக்கு லீவு யாரு குடுப்பா?"

அன்றிலிருந்து கேன்டீன் போர்டைப் பார்க்க ஆரம்பித்தேன். இன்றைக்கு என்ன சமையல் என்பது எனக்குத் தெரியும். அதுதான் போர்டில் எழுதியிருக்கும். ரசத்தில் 'ர' கிடைத்தது, பொங்கலில் 'ங்' கிடைத்தது. இரண்டு வருஷத்தில் ஒரு மெனு அளவுக்கு எழுத்து சேர்ந்துவிட்டது.

போன ஆவணியில் உதவியாட்களுக்கும் சூப்பர்வைசருக்கும் சேர்த்து ஆள் எடுத்தார்கள். நான் மூத்தவள் என்பதால் ஆபீசர் தன் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார். முதல் ஃபார்ம் என் முன்னால் வந்தது. பல் தெரிகிற போட்டோ. பெயரை எழுத்துக்கூட்டினேன். பாதி எழுத்து ரசத்தில் வருவதுதான். அவள் அம்மா வைத்த பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டேன். பச்சை ஃபைலோடு உள்ளே வந்தவள் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"உட்காருங்க மேடம்" என்றேன்.

ஆபீசர் என் பக்கம் சாய்ந்தார். "இந்தம்மாவை ஞாபகம் இருக்கு. படிக்கத் தெரியாதே?"

"தெரியும் சார். அன்னிக்குப் படிக்கத் தெரியாதது எனக்குத்தான்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. மொதல் டோக்கன்தான் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எந்த இன்டர்வியூவிலும் அவள் அப்படி வாயடைத்து உட்கார்ந்ததில்லை.

இப்போது நீலக் கோட்டுதான் போடுகிறாள். உண்மையாகவே அவளுக்கு அது எடுக்கவில்லை. வார லீவு அன்றைக்காவது படுத்துத் தூங்குவாள் என்று பார்த்தால், போன வாரம் பக்கத்துக் கம்பெனி கேட்டில் கோட்டும் அதுவுமாக நின்றிருக்கிறாள், கையில் ஒன்றாம் டோக்கனோடு. வாட்ச்மேன் சொல்லித்தான் தெரியும்.

அன்றைக்கு இரண்டாம் டோக்கன் எந்தப் பெண் கையில் இருந்ததோ தெரியாது. அந்தப் பெண் பயந்திருக்க மாட்டாள்.