கவுகாத்தி அண்ணன் ஓசூருக்கு வந்து சேர்ந்த கதை

இந்தியாவிலேயே கவுகாத்தி அண்ணனுக்குத் தெரியாத ஊர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவர் இருபது வருடமாகக் குடியிருந்த ஓசூர்.

பிள்ளைகளே, அப்பா அளந்து விடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். லாரி ஓட்டுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. காலையில் போய்ச் சாயங்காலம் வீட்டில் சாப்பிடுகிறவர்கள் லோக்கல். உங்கள் அப்பா அந்த வகை. போனால் பத்து நாள், பதினைந்து நாள் கழித்துத் தாடியோடு திரும்புகிறவர்கள் லாங். கவுகாத்தி அண்ணன் அசாம் வரைக்கும் லோடு கொண்டு போனவர். அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவருடைய லைசென்ஸில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

ஊர் திரும்பினால் வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு ஆட்டோவில் ஏறி, "ஊட்டுக்கு விடுப்பா" என்பார். ஆட்டோக்காரருக்கு வீடு தெரியும். இவருக்குத் தெரியாது. இரண்டு நாள் தூங்குவார். மூன்றாவது நாள் மறுபடியும் லோடு. நாக்பூரைத் தாண்டினால் எந்த டாபாவில் பருப்பு நன்றாக இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ராயக்கோட்டை ரோடு எந்தப் பக்கம் என்று கேட்டால், "அது டவுனுக்குள்ளயா வருது?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் எங்கள் முதலாளி முன்னால் வந்து நின்று, "எனக்கு லோக்கல் வேணும்ங்க" என்றார். முதலாளி குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கில் ஏறிவிட்டது.

காரணம், அவர் மனைவி சரளா அண்ணி. அண்ணி பாகலூர்க்காரர். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் பேசுவார். கோபம் வந்தால் தெலுங்கு மட்டும்தான். வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றில் அண்ணிக்கு வேலை கிடைத்திருந்தது. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். விடிவதற்கு முன்னாலேயே கம்பெனி பஸ் வந்துவிடும். அதற்குப் பிறகு பிள்ளைகள் இரண்டு பேரையும் எழுப்பிக் குளிக்கவைத்துப் பள்ளிக்கூடம் அனுப்ப வீட்டில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அசாமில் இருந்தால் எப்படி?

"இத்தினி வருசம் நீங்க போனீங்க, நான் ஊட்டைப் பாத்துக்கிட்டேன். இப்ப நான் போறேன், நீங்க இருங்க" என்று அண்ணி சொல்லிவிட்டார். தெலுங்கில் சொன்னாராம். அதனால் அண்ணன் மறுபேச்சுப் பேசவில்லை.

முதலாளி யோசித்தார். "ஒரு வாரம் ஓட்டிக் காமி. சனிக்கெழமை வரைக்கும் ஒழுங்கா ஓட்டுனா லோக்கல். இல்லேன்னா மறுபடியும் அசாம்தான்" என்றார். அண்ணி அடுத்த திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். அண்ணன் தேறினால் அண்ணி பஸ் ஏறலாம். தேறாவிட்டால் அண்ணி வாங்கி வைத்திருந்த புது டிபன் பாக்ஸ் பரணுக்குப் போகும்.

வேலை சின்னதுதான். சூளகிரிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பைக் சீட் ஏற்றி, ஓசூரில் பைக் செய்கிற கம்பெனியில் இறக்க வேண்டும். ஆனால் அந்தக் கம்பெனியில் சீட்டைச் சேர்த்து வைக்க மாட்டார்கள். வர வர எடுத்துப் பொருத்துவார்கள். சீட் வரவில்லை என்றால் பைக்குகள் வரிசையாக நகர்ந்து வருகிற லைன் நின்றுபோகும். லைனை நிறுத்திய டிரைவரை மறுநாள் கேட்டுக்குள் விட மாட்டார்கள்.

வழி காட்டுவதற்காக என்னைக் கூட உட்காரச் சொன்னார் முதலாளி. முதல் நாள் கேபினில் ஏறினால் எனக்குக் கால் வைக்க இடமில்லை. ஸ்டவ், அரிசி மூட்டை, கம்பளி, பக்கெட், மூன்று சட்டை, கொடியில் காயப்போட ஒரு கயிறு.

"அண்ணா, முக்கா மணி நேரத்துல சூளகிரி வந்துடும்ணா."

"ரோட்டை நம்பக் கூடாது தம்பி."

கிளம்பும் முன் சூடம் ஏற்றி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். நல்லதுதான், நானும் கும்பிட்டுக்கொண்டேன். சூளகிரியில் லோடு ஏற்றித் திரும்பும்போது மறுபடியும் சூடம், மறுபடியும் எலுமிச்சம்பழம். ஒரு நாளைக்கு நாலு ட்ரிப், போக ஒரு பழம், வர ஒரு பழம். புதன்கிழமைக்குள் அந்த வண்டிப் பக்கம் போனாலே ஊறுகாய் ஜாடியைத் திறந்த மாதிரி வாசம்.

போய்ச் சேர்ந்ததும் ஒவ்வொரு முறையும் வீட்டுக்குப் போன்.

"சரளா, சூளகிரி வந்து சேந்துட்டேன். புள்ளைங்க நல்லா இருக்காங்களா? இங்க நல்ல வெயிலு."

"இங்கயும் அதே வெயில்தாங்க. இப்பதான போனீங்க!"

மத்தியானம் கம்பெனி பார்க்கிங்கில் இறங்கி ஸ்டவ்வைப் பற்றவைத்தார். செக்யூரிட்டி விசிலை ஊதிக்கொண்டே ஓடிவந்தார். "யோவ், உள்ள பெயிண்டு அடிக்கிறாங்கய்யா! அடுப்பை அணைய்யா!" அன்றிலிருந்து கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் சமையல். வெள்ளிக்கிழமை அதே செக்யூரிட்டி, "இன்னைக்கி என்ன கொழம்பு?" என்று விசாரித்ததை நான் என் காதால் கேட்டேன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். வழிதான் பெரும் பாடு. அண்ணனிடம் இருந்தது பட்டன் போன். மேப் கிடையாது. ஓசூருக்குள் நுழைந்ததும் கண்ணாடியை இறக்கி, போகிற வருகிறவர்களிடம் இந்தியில் வழி கேட்பார். பழக்கம் அப்படி. ஒரு ஆள் நின்று கேட்டுவிட்டு, "அண்ணா, எனக்குத் தேன்கனிக்கோட்டைங்ணா. தமிழ்லயே கேளுங்க" என்றார். நான் வலது பக்கம் என்றால் இடது பக்கம் திரும்புவார். ஒரு முறை காய்கறிச் சந்தைக்குள் போய், தக்காளிக் கூடைகளுக்கு நடுவே வண்டியை நிறுத்திவிட்டு, "இந்த கேட்டு புதுசா இருக்குதே" என்றார்.

வியாழக்கிழமை சாயங்காலம் முதலாளி கேட்டார், "எப்படி, தேறுவாரா?" நான் தலையை ஆட்டினேன். "கஷ்டம்ங்க. அவரு லாங்குக்குத்தான் சரி" என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

சனிக்கிழமை அவரைத் தனியாக அனுப்பினார்கள். நான் என் வண்டியில் அவருக்கு முந்தின லோடைக் கொண்டுவந்து பைக் கம்பெனியில் இறக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் செய்தி வந்தது. ஹைவேயில் ஒரு டிரெய்லர் அச்சு முறிந்து குறுக்கே நின்றுவிட்டது. சூளகிரியிலிருந்து ஓசூர் வரும் ரோடு முழுக்க வண்டி. எங்கள் லோக்கல் டிரைவர்கள் எல்லோரும் இன்ஜினை அணைத்துவிட்டு, இறங்கி வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள்.

கம்பெனி சூப்பர்வைசர் சின்ன வயசுப் பையன். வியர்த்துப்போய் ஓடிவந்தார். "அண்ணா, ஒண்ணரை வரைக்கும்தான் சீட் இருக்கு. அப்புறம் லைன் நின்னுடும். சீட் இல்லாம வெளிய அனுப்புனா நின்னுக்கிட்டேவா ஓட்டுவாங்க?"

நான் அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணா, எங்க மாட்டிக்கிட்டீங்க?"

"நான் ஏன் மாட்டறேன்? பேரிகை தாண்டி வந்துக்கிட்டு இருக்கேன்."

"பேரிகையா! அங்க எதுக்குண்ணா போனீங்க?"

"ஜாம்னு தெரிஞ்சதும் சூளகிரியிலயே வண்டியத் திருப்பிட்டேன். பாகலூர் மாமியார் ஊருதான, அந்த வழியா வந்துடறேன்."

"அது ரொம்பச் சுத்துண்ணா!"

"ஒரிசாவுல வெள்ளம்னு மூணு நாள் சுத்திப் போனவன் தம்பி நானு. இதெல்லாம் ஒரு சுத்தா?"

அந்த ரோடு எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் முக்கால் மணி வேலைக்கு அவ்வளவு தூரம் சுற்ற ஒரு லோக்கல் டிரைவருக்கும் மனசு வராது. நாங்கள் ஜாம் கலையட்டும் என்று காத்திருப்போம். அண்ணனுக்குக் காத்திருக்கத் தெரியாது, போகத்தான் தெரியும்.

ஒரு மணிக்கு அவரே கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. "தம்பி, ஓசூர் வந்துட்டேன்னு நெனைக்கிறேன்."

"எங்கண்ணா இருக்கீங்க?"

"ரோட்டு மேல."

"சரி, பஸ் ஸ்டாண்டு தெரியுதா?"

"எந்த ஊரு பஸ் ஸ்டாண்டு?"

"நம்ம ஊருதாண்ணா!"

"அது எங்க இருக்குது?"

பேரிகையையும் பாகலூரையும் தாண்டியவர் கடைசிக் கொஞ்ச தூரத்தில் வழி தெரியாமல் தடுமாறுகிறார். சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்க்கிறார். எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. அவர்கள் வீடு பாகலூர் ரோட்டை ஒட்டித்தானே! அண்ணியைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அண்ணி வீட்டைப் பூட்டும் சத்தம் கேட்டது.

மீதியை அண்ணி பிறகு சொல்லித்தான் தெரியும். மெயின் ரோட்டுக்கு ஓடி, பேக்கரி முன்னால் கையைக் குறுக்கே நீட்டி நின்றாராம். அண்ணன் பிரேக் போட்டு, "ஏம்மா, வண்டிக்கு முன்னாடியா வந்து நிப்ப?" என்று திட்டினாராம். திட்டிய பிறகுதான் அது தன் மனைவி என்று தெரிந்ததாம். கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் அவர் லாரியில் அண்ணி ஏறுவது அதுதான் முதல் தடவை.

"லெஃப்டுல போங்க. இப்ப நேரா. ஹாரன் அடிக்காதீங்க, ஸ்கூலு இருக்குது."

"யாரு ஸ்கூலு?"

"நம்ம புள்ளைங்க ஸ்கூலுங்க!"

அண்ணன் வேகத்தைக் குறைத்தாராம். மஞ்சள் சுவரையும் கேட்டையும் பார்த்து, "இங்கியா படிக்குதுங்க? பெரிசாத்தான் இருக்குது" என்றாராம். "திங்கக்கெழமைலேர்ந்து நல்லாப் பாத்துக்கலாம், இப்ப மிதிங்க!" என்றாராம் அண்ணி. தெலுங்கில்.

ஒன்று இருபதுக்கு வண்டி கம்பெனி கேட்டில் நின்றது. வெளியாள் உள்ளே போகக் கூடாது என்று செக்யூரிட்டி அண்ணியை இறக்கிவிட்டார். அண்ணி கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் ஸ்டியரிங்கை ஒரே ஒடி ஒடித்து, ஒரே ரிவர்ஸில் இறக்குமிடத்தில் கொண்டுபோய் ஒட்டினார். பூட்டைத் திறந்ததும் நான், சூப்பர்வைசர், லோடுமேன்கள், டீ கொண்டுவந்த அக்கா எல்லோரும் சீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். லைனில் மிச்சமிருந்த கடைசி சீட்டைப் பொருத்திக்கொண்டிருந்தபோது எங்கள் முதல் சீட் உள்ளே போனது. லைன் ஒரு நொடிகூட நிற்கவில்லை. சூப்பர்வைசர் விசில் அடித்தார். கேட்டில் அண்ணி கை தட்டினார். அதைப் பார்த்துச் செக்யூரிட்டியும் தட்டினார்.

முதலாளி நேரில் வந்து, "இனிமே நீ லோக்கல்தான்" என்று அண்ணனிடம் கம்பெனி கேட் பாஸைக் கொடுத்தார். திங்கட்கிழமை அண்ணி புது டிபன் பாக்ஸோடு கம்பெனி பஸ் ஏறினார். அண்ணன் பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டார். வகிடு தேசிய நெடுஞ்சாலை மாதிரி நேராக இருந்தது என்று கேள்வி.

அன்று மத்தியானம் புளியமரத்தடியில் அவரிடம் சொல்லிவிட்டேன். "அண்ணா, நீங்க தேற மாட்டீங்கன்னு மொதலாளிகிட்ட நான்தான் சொன்னேன்."

"தெரியும் தம்பி. நெசத்தைத்தான சொன்ன? சாதம் போடட்டுமா?"

லோக்கல் நல்லதா, லாங் நல்லதா என்று புதுப் பையன்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். நான் அண்ணனைக் கைகாட்டிவிடுகிறேன். இப்போதெல்லாம் காலை ட்ரிப்பில் அவர் வண்டி முன்னால் போகும், என் வண்டி பின்னால். கடை கடையாக, தெருத் தெருவாகப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் போவார். முந்திப் போக இடம் நிறைய இருக்கும். நான் ஒரு நாளும் முந்தியதில்லை.