வயிறு வீங்கிய செல்போன்

இனி எதற்கும் பயப்படுவதில்லை என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் உறுதியெடுத்துக்கொண்டது புதன்கிழமை காலை ஏழு மணிக்கு. ஏழரைக்குப் பழைய கோட்டின் பைக்குள் கையை விட்டவர் வெலவெலத்துப் போனார். உள்ளே கிடந்த செத்துப்போன செல்போனுக்கு வயிறு வீங்கி, பின்மூடி வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

பயம் பேட்டரியைப் பார்த்து மட்டுமில்லை. அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை. ஓடாத மின்சாதனத்தை வீட்டிலும் வைக்கக்கூடாது, குப்பையிலும் போடக்கூடாது, மின்கழிவு மையத்தில்தான் கொடுக்கவேண்டும் என்பது அவள் சட்டம். இந்தப் போனைப் போன வருஷமே கொடுத்துவிட்டதாக மனுஷர் சத்தியம் செய்திருந்தார். இது மட்டுமா? லேப்டாப், ரேடியோ, மூன்று ரிமோட் என்று வரிசையாகச் சத்தியம். எதையும் பிரிய மனசு வராத பிறவி. எல்லாம் வீட்டுக்குள்தான் ஒளிந்திருந்தன. எங்கே என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். மனைவி கத்தினால்கூடச் சமாளித்துவிடுவார். நிதானமாக "அப்படியா?" என்று கேட்டால்தான் தொலைந்தார்.

கடையிலிருந்து மையத்துக்குப் போன் போட்டார். அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், குத்தினால் தீப்பிடிக்கும் என்றாள் அங்கிருந்த பெண். குப்பையில் போட்டுவிடலாமா என்று இழுத்தார். குப்பை வண்டியில் நசுங்கினால் வண்டியே எரியும், மிச்சமிருக்கும் விஷம் மண்ணில் இறங்கி நாம் குடிக்கும் தண்ணீருக்கே வரும் என்றாள். தகர டப்பாவில் காய்ந்த மணலைப் போட்டு அதில் புதைத்து வையுங்கள், சனிக்கிழமை பத்து மணிக்கு உங்கள் தெருவுக்கு வண்டி வரும் என்று சொல்லி, நம்பர் வாங்கிக்கொண்டாள்.

மத்தியானம், மனைவி பள்ளியில் இருந்த நேரம் பார்த்து ஓடிவந்து போனைப் புதைத்தார். டப்பாவைப் பால்கனியில் பூந்தொட்டிகளுக்கு நடுவே வைத்தார்.

வியாழனும் வெள்ளியும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. டப்பாவைத் தொட்டுப் பார்த்தார், சுட்டது. வெயில்பட்டால் தகரம் சுடும் என்று அறிவு சொன்னது, பயம் கேட்கவில்லை. கடையில் யாரோ மூக்குக்கண்ணாடி டப்பாவைப் படக்கென்று மூடியதற்கு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்தார்.

சனிக்கிழமை காலை எட்டு மணி. மனைவி பால்கனியில் கூர்மையான சின்னக் களைக்கொத்தோடு நின்றாள்.

"என்னங்க, இந்த டப்பாவுல என்ன?"

"மண்ணு. செடிக்கு."

"அப்படியா?"

அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். மூடியைத் திறந்து கொத்தை ஓங்கினாள்.

"குத்தாதம்மா."

"குத்தாம எப்படிங்க மண்ணெடுக்கறது?"

கொத்து மணலுக்குள் இரண்டு விரற்கடை இறங்கியது. பொய் வெளிப்பட்டால் மானம் போகும். வாயை மூடிக்கொண்டிருந்தால் தீப்பிடித்து இவளே போய்விடுவாள். இவள் இல்லாத வீட்டை நினைத்ததும் மானமெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை.

"உள்ள போன் இருக்கு. பேட்டரி வீங்கியிருக்கு, குத்தினா பத்திக்கும். நான் எதையுமே குடுக்கல. மத்த எல்லாத்தையும் சோபாவோட அடித்துணியைப் பிரிச்சு உள்ள போட்டுத் தைச்சு வச்சிருக்கேன். தப்புத்தான். கொத்தைக் கீழ வச்சிடும்மா."

அவள் டப்பாவைத் தொட்டியில் கவிழ்த்தாள். மணல் விழுந்தது. வேறெதுவும் விழவில்லை.

"மையத்துல நம்பர் கேட்டப்ப எல்லாத்துக்கும் குடுக்கற மாதிரி என் நம்பரைத்தானே குடுத்தீங்க? வீங்கின போனை மணல்ல புதைச்சாச்சான்னு கேட்டு புதன்கிழமை சாயங்காலமே கூப்பிட்டாங்க. மறுநாள் ஸ்கூலுக்குப் போறப்ப நானே கொண்டுபோய்க் குடுத்துட்டேன்."

"அப்போ ரெண்டு நாளா நான்..."

"வெறும் மண்ணுக்குக் காவல் இருந்தீங்க."

அவர் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"தெரிஞ்சும் எதுக்கும்மா கொத்தைத் தூக்கின?"

"மத்ததெல்லாம் எங்க இருக்குன்னு தெரியலையே. எழுந்து வந்து சோபாவைத் திருப்புங்க, பத்து மணிக்கு வண்டி வந்துடும்."