மூக்குக் கண்ணாடி கொடுக்கப் போய் ஓட்டுப் போட்டது

அன்பும் மதிப்பும் நிறைந்த அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நானும் உன் தம்பி மனைவியும் உடம்பளவில் சௌக்கியம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், சர்க்கரை விஷயத்தில் அத்தான் சொன்ன பேச்சைக் கேட்கிறார் என்றும் நம்புகிறேன். நீ போட்ட மூன்று கடிதங்களும் வந்து சேர்ந்தன. மூன்றிலும் ஒரே விஷயம்தான். மூன்றாவதில் அடிக்கோடு மட்டும் கூடுதல். "யாருக்கு வேண்டுமானாலும் போடு, ஆனால் போடு" என்று எழுதி, பேனா காகிதத்தைக் கிழிக்கிற அளவுக்குக் கோடு இழுத்திருந்தாய்.

உன் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. உலக நாடுகளெல்லாம் கூடிப் பேசுகிற மன்றத்தில் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து, ஒரு தலைவர் இன்னொரு தலைவரைத் திட்டுவதை மரியாதையான சொற்களாக மாற்றிக் காதில் ஊற்றுகிறவள் நீ. இந்தத் தேர்தலில் தாழ்ப்பாள்காரர் ஜெயித்தால் நம் நாடு அந்த மன்றத்தை விட்டே வெளியே வந்துவிடும், உன் கூண்டுக்குப் பூட்டுத் தொங்கும் என்று பயப்படுகிறாய். அவரைத் தாழ்ப்பாள்காரர் என்று நான் சொல்லவில்லை, ஊரே சொல்கிறது. எந்தப் பிரச்சினைக்கும் நாட்டின் கதவைச் சாத்தினால் போதும் என்பது அவர் வைத்தியம். எதிரில் நிற்கிற கைகுலுக்கி அதற்கு நேர்மாறு. மாதத்தில் இருபத்தாறு நாள் வெளிநாட்டில் யாருடனாவது கைகுலுக்கிக்கொண்டே இருக்கிறார், மீதி நாலு நாள் கைவலி என்று ஓய்வெடுக்கிறார். முப்பத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கதவு சாத்தாத லிஃப்ட் நகராது, கதவு திறக்காத லிஃப்ட்டில் ஏறியவன் வீடு போய்ச் சேரமாட்டான். இது இரண்டு பேருக்கும் தெரியவில்லை என்றால் நான் என்ன செய்ய?

நான் ஏன் நாற்பத்தொரு வருடமாக ஓட்டுப் போடவில்லை என்பதும் உனக்குத் தெரியும். தெரியாதவள் போல எழுதுகிறாய், அதனால் நானும் தெரியாதவளுக்குச் சொல்வது போலவே சொல்கிறேன். இருபத்திரண்டு வயதில் முதல்முறையாக ஒருவருக்குப் போட்டேன், அவரும் ஜெயித்துத் தொலைத்தார். மூன்றாவது மாதம் நான் மாட்டிய ஆஸ்பத்திரி லிஃப்ட்டைத் திறந்துவைக்க வந்து, ஆறு பேர் ஏறும் பெட்டியில் பதினொரு பேரோடு ஏறினார். பாரம் கூடிவிட்டது என்று உள்ளே மணி அடித்தது. அதைத் தனக்கு அடிக்கிற வரவேற்பு மணி என்று நினைத்துக் கையசைத்தார். பெட்டி இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. இறக்கிவிட்டதும் மேடையேறி, "இதை மாட்டினவன் நாட்டுக்கே விரோதி" என்றார். இரண்டு வருடம் அந்த விரோதியைச் சரக்குக் கிடங்கு வேலையில் போட்டு வைத்தார்கள். அன்றிலிருந்து தேர்தல் நாளென்றால் நான் வீட்டில் படுத்துக்கொண்டு வானொலியில் பாட்டுக் கேட்பேன்.

நேற்றும் அப்படித்தான் படுத்திருந்தேன். உன் தம்பி மனைவி பள்ளித் தலைமையாசிரியை அல்லவா, அவள் பள்ளிக்கூடத்திலேயே வாக்குச்சாவடி வைத்து, அவளையே அதற்கு அதிகாரியாகவும் போட்டுவிட்டார்கள். விடிவதற்குள் கிளம்பிப் போனவள் ஒன்பது மணிக்கு ஃபோன் செய்தாள்.

"என்னங்க, படிக்கிற கண்ணாடிய மேஜை மேலயே வச்சிட்டு வந்துட்டேன். இங்க பட்டியல்ல ஒரு எழுத்தும் தெரியல. கொஞ்சம் கொண்டுவந்து குடுத்துட்டுப் போங்க. உங்கள யாரும் ஓட்டுப் போடச் சொல்ல மாட்டாங்க."

நாலு தெரு தள்ளித்தான் பள்ளிக்கூடம். கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுச் செருப்போடு போனேன். வாசலில் காவலர் மறித்தார். "வரிசையில வாங்க." நான் ஓட்டுப் போட வரவில்லை, உள்ளே இருக்கிற அதிகாரிக்கு மூக்குக் கண்ணாடி கொடுக்க வந்தேன் என்றேன். "எல்லாரும் ஏதாவது ஒண்ணு சொல்லித்தான் முன்னால போகப் பாக்கறாங்க. இப்பதான் ஒருத்தர் அடுப்புல பால வச்சிட்டு வந்தேன்னாரு" என்றார். சரியென்று வரிசையின் கடைசியில் போய் நின்றேன். எனக்கு முன்னால் தையல்கார அம்மா ஒருத்தி, பின்னால் பஸ் டிரைவர் ஒருத்தர்.

அரைமணி நேரமாகியும் வரிசை ஓரடி நகரவில்லை. நிற்கிற மனிதர்கள் என்ன செய்வார்கள், நாட்டை ஆளத் தொடங்கினார்கள். "தலைவர்னா அளவெடுத்துட்டுத் துணிய வெட்டணும். இவங்க வெட்டிட்டு நம்மள அதுக்குள்ள நுழையச் சொல்றாங்க" என்றாள் தையல்கார அம்மா. டிரைவர், "முன்னால ரோட்ட எல்லாரும் பாப்பாங்க. பின்னால ஏறினவன் உக்காந்தானான்னு பாக்கறவன்தான் தலைவன்" என்றார். நானும் லிஃப்ட் கதவைப் பற்றிய என் கருத்தை வெளியிட்டேன். நல்ல வரவேற்பு. அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போதுதான் டிரைவர் முணுமுணுத்தார்: "உள்ள இருக்கற அம்மாவுக்குக் கண்ணு தெரியலயாம். ஒவ்வொரு பேரையும் தானே பாத்தாதான் விடுவேன்னு உக்காந்திருக்காங்களாம். வீட்டுல யாரோ கண்ணாடி கொண்டு வரேன்னு சொல்லி அரைமணி நேரமாச்சாம். பொறுப்பில்லாத ஆளு போலிருக்கு."

அக்கா, என் சட்டைப்பை கனத்தது. சுற்றி நூறு பேர், எல்லாரும் வெயிலில் வெந்துபோயிருந்தார்கள். "அந்த ஆள் நான்தான்" என்று சொல்லத் தைரியம் வராமல், "ஆமாமா, சில பேர் அப்படித்தான்" என்றேன். அந்த நேரம் பார்த்துக் காவலர் வாசலில் நின்று, "இங்க லிஃப்ட் வேலை தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினார். தையல்கார அம்மா என் கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டாள்.

நடந்தது இதுதான். தேர்தல் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க இரண்டு நாடுகளிலிருந்து இரண்டு பார்வையாளர்கள் வந்திருந்தார்கள். ஒருவர் நெட்டையான அம்மா, மற்றவர் குண்டான பெரியவர். அவர்கள் நாடுகள் இரண்டும் நடுவில் உள்ள ஒரு பாலத்துக்காக ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கின்றனவாம். மூன்றாவது மாடிச் சாவடியைப் பார்க்க லிஃப்ட்டில் ஏறினார்கள். பெட்டி சின்னது என்பதால் இரண்டு பேருடைய மொழிபெயர்ப்பாளர்களும் படியில் ஏறினார்கள். பெட்டி மூன்றாவது மாடிக்கு ஒரு முழம் கீழே நின்றுவிட்டது. உள்ளே இருவருக்கும் ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது, பாஷை தெரிந்த இருவரும் வெளியே.

நான் முதலில் ஓடிப்போய்க் கண்ணாடியைக் கொடுத்தேன். உன் தம்பி மனைவி வாங்கி மாட்டிக்கொண்டு, "வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவுல கடல் ஏதாவது வந்துருச்சா?" என்று கேட்டாள். மொட்டைமாடியில் இருந்த மோட்டார் அறைக்கு ஏறினேன். மோட்டார் செத்துக் கிடந்தது. கையால்தான் சக்கரத்தைச் சுற்றி ஏற்ற வேண்டும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் பிரேக்கைத் தளர்த்திப் பிடித்துக்கொள்ள வேண்டும், மற்றவர் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். என் தோள்பட்டையின் நிலைமைதான் உனக்குத் தெரியுமே. கீழே ஆள் கேட்டேன். தாழ்ப்பாள்காரரின் கட்சி ஏஜெண்ட் எழுந்து நான் வருகிறேன் என்றார். உடனே கைகுலுக்கியின் ஏஜெண்ட், இவரை வெளியே தனியாக விட்டால் என்ன செய்வாரோ என்று தானும் எழுந்தார். நம்பிக்கை இல்லாததால் இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள்.

மேலே வந்ததும் சண்டை. இரண்டு பேருக்கும் சக்கரம்தான் வேண்டும்.

"பிரேக் பிடிக்கறதுக்கா நான் நாலு மாடி ஏறி வந்தேன்?"

"இழுத்துப் பிடிக்கறதுதான உங்க கட்சி வேலை, நீங்களே பிடிங்க."

"உங்களுக்குச் சக்கரத்தக் குடுத்தா பெட்டி வெளிநாட்டுக்குப் போயிரும்."

நான் சொன்னேன்: "ஐயா, பிரேக்க எடுக்காம சுத்தினா சக்கரம் அசையாது. சுத்தறதுக்கு ஆள் இல்லாம பிரேக்க எடுத்தா உள்ள இருக்கற ரெண்டு பேரும் எங்க போவாங்கன்னு எனக்கே தெரியாது. பத்து சுத்துக்கு ஒரு தரம் மாத்திக்குங்க. நான் எண்ணுறேன்." பிரேக் பிடிக்கிறவர் "பிடிச்சிருக்கேன்" என்று சொன்ன பிறகுதான் மற்றவர் சுற்ற வேண்டும் என்று ஏற்பாடு. முதல் பத்து முறைப்பாகப் போனது. இரண்டாவது பத்தில் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. மூன்றாவது பத்தில் கைகுலுக்கி ஏஜெண்ட், "பிடிச்சிருக்கீங்களா அண்ணே?" என்றார். "பிடிச்சிருக்கேன், நீங்க தைரியமா சுத்துங்க தம்பி" என்றார் தாழ்ப்பாள் ஏஜெண்ட். தேர்தல் அறிவித்த நாளிலிருந்து இவ்வளவு நல்ல பேச்சு என் காதில் விழவில்லை.

மூன்றாவது மாடிக்கு ஓடிவந்து கதவைத் திறந்தேன். உள்ளே நெட்டையான அம்மாவும் குண்டுப் பெரியவரும் காலணியைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பிஸ்கட் பொட்டலம். பெரியவர் ஃபோனில் பேத்தி படத்தைக் காட்ட, அந்த அம்மா தன் பேரனுக்கும் இதே மாதிரி முன்பல் இல்லை என்று வாயைத் திறந்து விரலால் காட்ட, இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்து, இன்னும் கொஞ்ச நேரம் என்பது போல் பெரியவர் கையைக் காட்டினார். அதற்குள் மொழிபெயர்ப்பாளர்கள் இருவரும் ஓடிவந்து நின்றார்கள். அவ்வளவுதான். இரண்டு பேரும் எழுந்து, காலணியை மாட்டி, கோட்டை இழுத்துவிட்டு, மற்றவர் முதலில் பொத்தானை அழுத்தியதற்கு ஆளுக்கொரு கண்டனம் தெரிவித்தார்கள், மொழிபெயர்ப்பாளர்கள் மூலமாக. உன் தொழிலைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே அக்கா. நீயும் மாதத்தில் ஒருநாள் கூண்டை விட்டு வெளியே வந்து, அவர்களை ஒரு சின்ன அறையில் போட்டுப் பூட்டிவிட்டுக் காபி சாப்பிடப் போனால் உலகத்துக்கு நல்லது.

கீழே வந்தால், கையெல்லாம் கிரீஸோடு இரண்டு ஏஜெண்டுகளும் ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். "யாருக்குப் போடப் போறீங்க?" என்று ஒருவர் கேட்க, "அதெல்லாம் கேக்கக் கூடாது தம்பி, அவர் போட்டாலே போதும்" என்றார் மற்றவர். நான் போடுகிறதாகவே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நாற்பத்தொரு வருடமாக ஒரு ஆளிடம் கோபித்துக்கொண்டு மொத்த நாட்டோடும் பேசாமல் இருந்தது எனக்கே கொஞ்சம் அசிங்கமாகப் பட்டது. மேஜை முன்னால் போய் நின்றேன்.

"பேரு?" என்றாள் உன் தம்பி மனைவி.

"உனக்குத் தெரியாதா?"

"அதிகாரியா கேக்கறேன். சொல்லுங்க."

சொன்னேன். விரலால் பட்டியலில் தேடி, என் பெயரில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டாள். சீட்டை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். மறைப்புக்குள் போய், இரண்டு பெயர்களையும் எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது. யாரிடம் கொடுத்தால் சக்கரத்தை மாற்றி மாற்றிச் சுற்றுவார் என்று யோசித்து, குறி போட்டேன். யாருக்கு என்று நீ கேட்காதே, நான் சொல்லமாட்டேன். பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தபோது இருபத்திரண்டு வயது ஆள் போல நடந்தேன் என்று தையல்கார அம்மாவே சொன்னாள். ஆக, நாட்டின் தலைமை, உலக ஒற்றுமை எல்லாவற்றிலும் உன் தம்பியின் பங்கு ஒழுங்காக, சட்டப்படி, முழுமையாகச் செலுத்தப்பட்டுவிட்டது. இனி நான்காவது கடிதம் தேவையில்லை.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள். நீ நூறு வயது வரை இதே குரலோடு இருந்து, கேட்கிறவர்கள் காதில் நல்லதையே ஊற்ற வேண்டும்.

இப்படிக்கு,
கடமை தவறாத உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் தம்பி மனைவி வாக்கு எண்ணிக்கை முடிந்து வந்தாள். அவர்கள் சாவடியில் ஒரே ஒரு செல்லாத ஓட்டாம். எடுத்துப் பார்த்ததும் அவளுக்கு வியர்த்துவிட்டதாம், கையெழுத்து அப்படிப் பழக்கமான கையெழுத்தாம். குறியைச் சரியாகத்தான் போட்டிருக்கிறேன். ஆனால் முப்பத்தாறு வருடம் எந்தத் தாளில் குறி போட்டாலும் அதற்குக் கீழே எழுதிய கை, அங்கேயும் தானாக எழுதிவிட்டிருக்கிறது: "பரிசோதித்தேன். இப்போதைக்கு ஓடும். ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கவும்." கீழே தேதி, என் முழுப் பெயர். இரண்டு ஏஜெண்டுகளும் வாங்கிப் படித்துவிட்டு, இதைவிடச் சரியான ஓட்டு இந்தத் தேர்தலில் விழவில்லை என்று ஒருமனதாகச் சொல்லி, செல்லாதவை பெட்டியில் போட்டார்களாம்.