பரோட்டாக் கடைக்கு ஓனர் யார்?

கீழ்வேளூர் வட்டாரத்தில் நெல் தரகன் என்றால் நான்தான். களத்துமேட்டில் என் குரல் எழும்பினால் மில்காரரே நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடியைவிடப் பேரத்தில் வாங்கிய அடி அதிகம். அப்பேர்ப்பட்டவன் போன வாரம் பரோட்டாவுக்குப் பயந்து நடுங்கினேன்.

வீட்டு முகப்பில் பரோட்டாக் கடை. சந்தைக்குப் போவது, சால்னா கொதிக்க வைப்பது, மாஸ்டர் ரெத்தினத்தை விரட்டுவது எல்லாம் என் மனைவி சாவித்திரி. 'கடை என்னுது' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வது மட்டும் நான். லைசென்ஸைத் தன் பேரில் எடுக்கலாமா என்று அவள் கேட்டபோதெல்லாம் கத்தியே வாயை அடைத்திருக்கிறேன்.

அறுவடை ஓய்ந்தால் மத்தியானம் கடைக்குள் ரம்மி. தோற்றவன் எல்லாருக்கும் பரோட்டா வாங்கித் தரவேண்டும். அது எங்கள் சட்டம்.

அன்று சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தேன். சாவித்திரி என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"ஏங்க, பந்தயம் வச்சு ஆடுற இடத்துல கடைக்காரருக்கு லாபம் வந்தா அது சூதாட்ட விடுதியாம். முதல்ல கடைக்காரரைத்தான் தூக்குவாங்களாம்."

"எனக்கு என்னடி லாபம் வந்துச்சு?"

"தோத்தவரு பரோட்டாவுக்குக் காசு குடுக்குறாருல்ல. கல்லா யாரோடது?"

வழக்கமான பதிலைச் சொல்ல வாயெடுத்தேன். வாசலில் ஜீப் வந்து நின்றது. நெற்றியில் 'அரசு' என்று எழுத்து. கூட ஆடிய ஜாபிரும் தமிழரசனும் கொல்லைப்புற வேலியைத் தாண்டியே விட்டார்கள். நான் சீட்டுக்கட்டை வேட்டி மடிப்பில் செருகி வயிற்றை எக்கிக்கொண்டேன்.

இறங்கியவர் அடுப்பைப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். என் இடுப்பைப் பார்த்தார், எனக்கு அப்படித்தான் பட்டது.

"இந்தக் கடைக்கு ஓனர் யாருங்க?"

"சத்தியமா நான் இல்லீங்க. எல்லாம் என் சம்சாரம்தான். நான் இங்க சாப்பிட வர்ற ஆளு."

அதையே எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். பிறந்ததிலிருந்து பேரம் பேசாமல் நான் போட்ட ஒரே கையெழுத்து அது. ஜீப் கிளம்பும்போது சாவித்திரியையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அவள் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"லைசென்ஸுக்குக் கடையைப் பார்க்க வந்தவருங்க. என் பேர்ல எழுதிப் போட்டிருந்தேன். கட்டடம் உங்க பேர்ல இருக்கே, உங்க சம்மதம் ஒண்ணுதான் பாக்கி."

"அப்ப அந்த சூதாட்டச் சட்டம்?"

"அது நிஜந்தாங்க. இனிமே நான்ல பயப்படணும். சீட்டை எடுத்துட்டு வெளிய போங்க."

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். பசி வந்தது. மேஜையைத் தட்டிப் பரோட்டா கேட்டேன்.

ரெத்தினம் இலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னான்: "ஓனரம்மாவைக் கேட்டுட்டு வர்றேன், இருங்கண்ணே."