ஆழ்கடல் திறப்பு விழா

ஆழ்கடலுக்குள் கருவி இறக்கியவர்கள் உலகில் பலர் உண்டு. திறப்பு விழாக் கல்வெட்டை இறக்கிய பெருமை எங்கள் ஆய்வு நிறுவனத்துக்கு மட்டுமே உரியது. அதன் மக்கள் தொடர்பு அதிகாரி என்ற முறையில் இதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

எங்கள் இயக்குநர் கல்வெட்டு இல்லாமல் எதையும் தொடங்கமாட்டார். அலுவலகக் கழிப்பறைக்கும் அவர் பெயரில் ஒன்று உண்டு. கடலுக்கு மட்டும் ஓரவஞ்சனை செய்வாரா?

கப்பலில் உயிரியல் ஆய்வாளர் ஒருவர் இருந்தார். 'புழு அம்மா' என்போம். நாங்கள் ஆராயப்போன கடலடியில் சுரங்கம் தோண்ட ஒரு கம்பெனி காத்திருந்தது. அங்கே உயிர் இருப்பதைக் காட்டினால் அனுமதி நின்றுவிடும். அதனால் ஒரு புழுவையாவது மேலே கொண்டுவர வேண்டும் என்பது அம்மாவின் 'பிடிவாதம்'. கடலடிக்கு இறக்கும் ரோபோவுக்கு இருந்ததோ ஒரே கை. அந்தக் கையில் கல்வெட்டு. அது இறங்கிய பிறகே வீடியோப் பதிவு தொடங்க வேண்டும் என்பது விழா நிரல்.

திரையில் வெந்நீர் ஊற்று தெரிந்தது. அதன் வாயில் ஒரு பாறைத் தூண். தூணைச் சுற்றிக் கொத்துக் கொத்தாக வெள்ளைப் புழுக்கள். புழு அம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"சார், உயிரோட இருக்கு! கல்லை வேற எங்கயாவது வச்சிட்டு ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கலாம்."

"வேற எங்கம்மா? சுத்தி எல்லாம் சேறு. என் பேரு புதைஞ்சிடும்."

"அந்தத் தூண் உள்ள வெறும் கூடு சார். பாரம் தாங்காது."

"மேடை மாதிரி அமைஞ்சிருக்கும்மா. புழு எங்க ஓடிடப் போகுது? விழா முடியட்டும்."

ரோபோ ஓட்டுபவர் தயங்கினார். "சார், அம்மா சொல்றது..."

"உன் வேலை கையை ஆட்டறது. தலையை ஆட்டறது இல்ல."

கல்வெட்டு இறங்கியது. கைதட்டினோம். சத்தம் அடங்கி வீடியோ தொடங்குவதற்குள் தூண் சரிந்து, ஊற்று அடைபட்டு, புழுக்கள் இடிபாட்டுக்குள் போய்விட்டன. அதன் மேல் கல்வெட்டு மட்டும் நிமிர்ந்து நின்றது.

இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒரு எழுத்துகூட அழியல, பாரேன்!" என்றார். புழு அம்மாவும் அழுதார், காரணம் வேறு. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு செய்தேன்.

கரையில் நிருபர்கள் சூழ்ந்துகொண்டார்கள். பின்னால் கம்பெனிக்காரர் பூங்கொத்தோடு நின்றார்.

"கீழே உயிரினம் ஏதாவது இருக்கா சார்?"

எங்கள் இயக்குநர் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. அன்றும் உண்மையைத்தான் சொன்னார்.

"நாங்க கிளம்பும்போது எதுவும் இல்ல."